அலெக்சாந்தர் லூரியா

உருசிய நாட்டில் கசான் என்னும் நகரிலே, மருத்துவர் ஒருவரின் மகனாக 1902ஆம் ஆண்டில் தோன்றியவர் அலெக்சாந்தர் லூரியா. மூளையில் ஊறுபட்டுப் பேச்சும் நினைவும் குலைந்தாரை ஆராய்ந்து, எஞ்சிய ஆற்றலைக் கொண்டே அவரைத் தேற்ற முயலும் கலைக்கு நரம்பு உளநூல் என்று பெயர். அதனை நிலைநாட்டியோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கார் இவர்.

எம் போன்றார் தேர்வுக்கு அஞ்சி நடுங்கும் பருவத்திலேயே, 1921இல், கசான் பல்கலைக்கழகப் படிப்பை முடித்தார். பின்னர் மாஸ்கோ சென்று, வைகோட்ஸ்கி என்னும் பேரறிஞரின் நட்பைப் பெற்றார். அந்நண்பர் காசநோயால் 1934இல் தம் 37ஆம் வயதில் மறைந்தார். அக்காலத்தே லூரியா பேர்பெற்ற உளநூற் பேராசிரியர். ஆயினும் மூளையை அறியாமல் மனத்தை அறிதல் அரிதென்று கண்டு, மருத்துவ மாணவராகி, 1937இல் பட்டம் பெற்றார். இன்று பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இத்துறை பயில்வார்க்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. உளநூலில் முதுகலை கற்று, நோயாளரிடையே பழகித் தேர்கின்றனர். லூரியாவோ இரண்டையும் கற்றார்.

1941இல் செர்மானியப் படை உருசியாவுக்குள் புகுந்தது. யூரல் மலைப்பக்கத்து மருத்துவமனையொன்றில், தலையிற் குண்டு பாய்ந்த வீரர்களைத் தேற்றும் பொறுப்பு லூரியாவுக்கு வந்தது. அவருள் ஒருவர் சசேட்ஸ்கி, 23 வயதினர். 1943ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குண்டுபட்டு, எழுத்தை மறந்தார். வலப்புறத்துப் பொருள் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. தந்தையின் சகோதரன் என்பதற்கும் சகோதரனின் தந்தை என்பதற்கும் வேறுபாடு அவருக்கு விளங்கவில்லை. சொற்கள் இரண்டும் தனித்தனியே தெரிந்தன. அவற்றை இணைக்கும் உறவே தெரியவில்லை. ஆறாம் வேற்றுமையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் யான் இதனைப் படித்தபோது சற்றே திகைத்தேன்.

எம் ஊராகிய ஆண்டிபட்டியில், துணியில் விழுந்த பிழையைக் கண்டே, குறை விழுதிலா, அச்சிலா, நாடாவிலா என்று முதிய நெசவாளர் கூறிவிடுவர். லூரியாவின் முறையும் ஏறக்குறைய அதுவே. பேசுதலும் எழுதுதலும் மூளையின் ஓரிடத்துத் தொழிலல்ல. பல பகுதிகள் கூடிச் செய்வன. ஆதலின் நோயாளி எவ்வாறு தவறுகின்றார் என்பதை நுணுகி நோக்கினால் அறுந்த இடம் புலப்படும். பிற வழியாகச் சுற்றிச் செல்லவும் கூடும். சசேட்ஸ்கியால் ஒவ்வோர் எழுத்தாக நினைந்து எழுத இயலவில்லை. கையை எடாமல் சொல் முழுவதையும் ஒருசேர எழுதுமாறு பணித்தபோது, பழகிய கை தானே எழுதிற்று! தாம் எழுதியதைப் படிப்பதோ அவருக்குப் பெரும்பாடு. அங்ஙனமே நாளொன்றுக்கு அரைப்பக்கமும் ஒரு பக்கமுமாக, ஏறக்குறைய 25 ஆண்டுகள், 3000 பக்கங்களில் தம் வரலாற்றை எழுதினார்.

போருக்குப்பின் அரசியற்காற்று மாறியது. 1950ஐ ஒட்டி லூரியா மூளை மருத்துவமனைப் பணியை இழந்தார்; குறைபாடுடைய குழந்தைகளை ஆராயும் நிலையத்தில் சில ஆண்டுகள் உழைத்து, மீண்டும் பழைய பணிக்கு வந்தார். 1962இல் அவரது பெருநூல் வெளிவந்தது. சசேட்ஸ்கியின் ஏடுகளைத் தம் விளக்கத்தோடு தொகுத்து, 1971இல் மற்றொரு நூலாக்கினார். 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் மாஸ்கோவில் லூரியா காலமானார். சசேட்ஸ்கி அவருக்குப் பின்னும் வாழ்ந்திருந்தார்.