நீராவியை அளந்த பெருமகன்

இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன்

சென்ற பருவத்தில் செய்முறை வகுப்பில் நான் ஒரு பொய் எழுதினேன். நீராவியின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 540 கலோரி வரவேண்டும். எனக்கு வந்ததோ 498! வெப்பநிலைமானியின் அளவீட்டைத் திருத்தி 538 ஆக்கிக் கையொப்பமும் வாங்கிவிட்டேன். அதே வாரம் நூலகத்தில் நீராவி அட்டவணையைப் புரட்டினேன். அடுக்கடுக்கான அந்த எண்களுக்கு அடித்தளமிட்டவர் யார் என்று தேடினேன். கிடைத்தது ஹென்றி விக்டர் ரெனோ என்னும் பிரெஞ்சு மேதையின் வரலாறு.

ரெனோ 1810-இல் ஆக்கன் நகரில் பிறந்தார். நெப்போலியனின் ருஷ்யப் படையெடுப்பில் தந்தை மாண்டார். தாயும் விரைவில் மறைந்தார். அனாதைச் சிறுவன் பாரிஸில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியானான்! என் அண்ணனும் ஜவுளிக்கடையில்தான் வேலை பார்க்கிறார். அவர் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறேன். அவ்வரியைப் படித்ததும் என் கண்கள் கலங்கின.

ரெனோ 1830-இல் பாரிஸின் புகழ்பெற்ற பாலிடெக்னிக் கல்லூரியில் சேர்ந்தார். 1840-இல் அங்கேயே வேதியியல் பேராசிரியரானார். நீராவி எந்திரங்கள் உலகை ஆண்ட காலம் அது. எந்த வெப்பநிலையில் ஆவிக்கு எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெப்பம் என்பதைத் துல்லியமாக அளக்கும் பணியைப் பிரெஞ்சு அரசு அவரிடம் ஒப்படைத்தது. 1847-இல் முடிவுகள் வெளிவந்தன. நீரை ஆவியாக்கும் மொத்த வெப்பம் எல்லா வெப்பநிலையிலும் ஒன்றே என்ற பழைய எண்ணம் தகர்ந்தது, டிகிரிக்கு 0.305 கலோரி வீதம் அது கூடுகிறது என்று காட்டினார். 0 டிகிரி நீர் 1 கிராமை 100 டிகிரி ஆவியாக்க அவர் கணக்கில் 637 கலோரி. இன்றைய அட்டவணையில் 639. என்னே அவர் பொறுமை!

ஆனால் விதி கொடியது. 1870-இல் மூண்ட போரில் செவ்ர் நகரிலிருந்த அவரது ஆய்வுக்கூடம் சூறையாடப்பட்டது, கருவிகள் நொறுங்கின. 1871 ஜனவரி 19 அன்று ஓவியரான மகன் ஹென்றி போர்க்களத்தில் வீழ்ந்தார். ஏழாண்டு கழித்து, 1878-இல், அதே ஜனவரி 19 அன்று தந்தையும் கண்மூடினார்.

கருவிகள் அழிந்தன, மைந்தனும் மறைந்தான். எஞ்சியவை நேர்மையான எண்களே!

நான் ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். ஆவியோடு நீர்த்துளிகளும் கலந்து சென்றதே பிழைக்குக் காரணம் என்று விளக்கினார். நீர்ப்பொறியைச் சரியாகப் பொருத்தி மீண்டும் செய்தேன். 521 வந்தது. இம்முறை 521 என்றே எழுதினேன்.