கணக்கு அறிந்த ரயில் ஓட்டுநர்

கல்லூரியில் பணவியலும் வங்கியியலும் கற்பித்த ஆண்டுகளில், வங்கிகளை நாட்டுடைமையாக்குவது பற்றிய பாடம் வரும்போதெல்லாம் 1969-இல் இந்தியாவில் நடந்ததை விளக்குவேன். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அதே முயற்சியில் இறங்கித் தோற்ற ஆஸ்திரேலியப் பிரதமர் பென் சிஃப்லியையும் மறவாமல் குறிப்பிடுவேன். கொள்கைக்காகப் பதவியை இழந்தவர் என்று மாணவர்களிடம் அவரைப் புகழ்ந்ததுண்டு. ஓய்வுக்குப் பிறகு அவரது வாழ்க்கையை மீண்டும் படித்தபோது, அந்தப் புகழ்ச்சியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றுகிறது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாதர்ஸ்ட் நகரில், 1885-இல் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் சிஃப்லி. 1893-இல் ஆஸ்திரேலிய வங்கிகள் பல அடுத்தடுத்துக் கதவடைத்தபோது அவருக்கு வயது ஏழு. 1903-இல் ரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, பணி நேரம் போகத் தாமே படித்து, 1914-இல் முதல்நிலை என்ஜின் ஓட்டுநரானார். 1917-இன் பெரும் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். பிறகு தரம் தாழ்த்தப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டார். இழந்த பணிமூப்பு திரும்பக் கிடைக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1928-இல் தொழிலாளர் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்றார். பெருமந்தம் சூழ்ந்த 1931-இல், ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் குறைக்கும் திட்டத்தை வேறு வழியில்லை என்று ஆதரித்தார். தொழிற்சங்கம் அவரை நீக்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் தொகுதியும் கைவிட்டது. பிறகு மாற்றுக் கட்சி அரசு அமைத்த வங்கி விசாரணை ஆணையத்தில் உறுப்பினரானார். பல்கலைக்கழகப் படியேறாத அவர், தனியார் வங்கிகளை நாட்டுடைமையாக்க வேண்டும் என்று 1937-இல் அதன் அறிக்கையில் தனிக் குறிப்பு எழுதினார். பொருளியல் பட்டம் பெற்ற எங்களைப் போன்றோர் சற்றே வெட்கப்பட வேண்டிய இடம் இது.

1941-இல் கர்ட்டின் அமைச்சரவையில் நிதியமைச்சரானார். வருமான வரி மாநிலங்களின் கையிலிருந்து கூட்டாட்சி அரசின் கைக்கு மாறியது அவர் காலத்தில்தான். 1945 ஜூலையில் கர்ட்டின் மறைந்த பின் பிரதமர் பதவியேற்றார். நிதித் துறையையும் விடவில்லை. பிரதமருக்குரிய அரசு மாளிகையில் குடியேறாமல், கான்பெராவின் குர்ராஜாங் ஹோட்டலில் தமது பழைய அறையிலேயே தங்கினார். மனைவி பாதர்ஸ்ட் வீட்டில் இருந்தார். போர் முடிந்தும் வேலையின்மை தலைதூக்காத நாடாக ஆஸ்திரேலியா திகழ்ந்ததில் அவர் பங்கு பெரிது. குடியரசான பின்னும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்க வழிவகுத்த 1949 லண்டன் மாநாட்டிலும் அவர் அமர்ந்திருந்தார்.

சறுக்கல் 1947-இல் தொடங்கியது. மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் அரசு வங்கியில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்ற சட்டப்பிரிவை அந்நாட்டின் உயர் நீதிமன்றம் (அங்கு அதுவே தலைமை நீதிமன்றம்) ஆகஸ்ட் 13-இல் செல்லாததாக்கியது. மூன்றே நாள்களில், இந்தியா விடுதலை பெற்றதன் மறுநாள், தனியார் வங்கிகள் அனைத்தையும் அரசே ஏற்கும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. பத்திரிகைகளுக்குக் கிடைத்தது சில வரி அறிவிப்பு மட்டுமே. முந்தைய ஆண்டுத் தேர்தலில் இதைப் பற்றி மக்களிடம் அவர் கேட்டிருக்கவில்லை. வேலை போய்விடும் என்று அஞ்சிய வங்கி ஊழியர்களே தெருத்தெருவாக அவருக்கு எதிராகப் பிரசாரம் செய்தனர். 1948-இல் உயர் நீதிமன்றமும், 1949-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. இந்தியாவிலும் 1970-இல் உச்சநீதிமன்றம் வங்கிச் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் இந்திரா காந்தி அதனை மேடைதோறும் கொண்டுசென்று, மறு ஆண்டுத் தேர்தலில் வென்றார்.

1949 குளிர்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். வேலைநிறுத்தத்தால் தண்டிக்கப்பட்ட அதே மனிதர், சங்க நிதியை முடக்கிச் சட்டம் இயற்றி, சுரங்கங்களுக்குள் ராணுவத்தை அனுப்பினார். விளக்கும் அடுப்பும் அணைந்து கிடந்த வீடுகளை எண்ணினால் அதில் பெருந்தவறு காண என்னால் இயலவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் அப்படி எண்ணியிருக்க மாட்டார்கள்.

எனக்குள் இன்னும் தீராத வழக்கு பெட்ரோல் பங்கீடு. பெட்ரோல் வாங்க டாலர் வேண்டும்; பிரிட்டனிடமும் ஸ்டெர்லிங் நாடுகளிடமும் டாலர் வறண்டிருந்தது. நீதிமன்றத் தீர்ப்பால் நின்றுபோன பங்கீட்டை, டிசம்பர் 10 தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் சிஃப்லி மீண்டும் கொண்டுவந்தார். எதிர்க்கட்சித் தலைவர் மென்ஸிஸ் அதை ஒழிப்பதாகவும், முதல் குழந்தைக்கும் உதவித்தொகை தருவதாகவும் அறிவித்தார். சிஃப்லி புதிய சலுகை எதையும் முன்வைக்கவில்லை. அவரது கணக்கு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அவ்வாண்டு செப்டம்பரில்தான் பவுண்டின் மதிப்பே குறைக்கப்பட்டிருந்தது. ஆனால், போர் முடிந்து நான்கு ஆண்டுகளாகியும் கூப்பனுடன் நின்ற குடும்பத்துக்கு லண்டனின் டாலர் பற்றாக்குறையை எடுத்துச் சொல்ல வேண்டியவர், பேரேட்டை மூடி வைத்துக்கொண்டார். அதைத்தான் நான் வகுப்பறையில் கொள்கை உறுதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாக்காளரை ஒரு பொருட்டாக எண்ணாத பிடிவாதமும் அதில் கலந்திருந்தது.

அவர் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வர 1972 ஆயிற்று. சிஃப்லி பாதர்ஸ்டுக்கு ஓய்வெடுக்கப் போகவில்லை. எதிர்க்கட்சித் தலைவராகத் தொடர்ந்து, 1951 ஏப்ரல் தேர்தலிலும் தோற்றார். அவ்வாண்டு ஜூன் 13 இரவு, கூட்டாட்சியின் பொன்விழாவையொட்டி நாடாளுமன்றக் கட்டடத்தில் நடன விருந்து நடந்தது. அவர் போகவில்லை, ஹோட்டல் அறையிலேயே இருந்தார். அங்கு மாரடைப்பு வந்தது. செய்தி எட்டியதும் பிரதமர் மென்ஸிஸ் இசையை நிறுத்தச் சொல்லி, விருந்தினரை வீட்டுக்கு அனுப்பினார்.