தயிர்ச் சட்டியும் தின்குழியமும்

வன்னியில் பூவரசங்குளம் போன்றதோர் ஊரில், காய்ச்சி ஆறவைத்த எருமைப்பாலில் முதல்நாள் தயிரைச் சிறிது விட்டு மட்சட்டியை மூடிவைக்கிறாள் ஒரு தாய். இரவெல்லாம் அச்சட்டியினுள் நுண்ணுயிர்கள் பெருகிப் பாலைப் புளிக்கச் செய்கின்றன. பொழுது புலரத் தயிர் உறைந்திருந்தால் அவளுக்குப் போதும். ஆயின் அத்தயிரை ஆராய்ச்சிச்சாலைக்குள் கொண்டுசென்று, மனிதனின் முதுமையோடும் நோயோடும் இணைத்துப் பார்த்தார் ஓர் அறிஞர். அவரே இலியா மெச்னிகோவ்.

1845ஆம் ஆண்டு கார்க்கோவ் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரில் அன்னார் பிறந்தார். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். அறிவு தந்த பேற்றை வாழ்வு தரவில்லை. காசநோயால் நலிந்திருந்த முதல் மனைவியை மணநாளன்று நாற்காலியில் வைத்தே தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். 1873இல் அவ்வம்மையார் மறைந்தபோது மெச்னிகோவ் நஞ்சருந்தி, எவ்வாறோ உயிர் பிழைத்தார். பின்னர் ஒல்காவை மணந்தார். 1881இல் மீள்காய்ச்சல் நோயாளியின் குருதியைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு மறுமுறையும் சாவின் வாயில்வரை சென்று மீண்டார்.

இத்தகைய மனிதருக்கு வாழ்வின்மேல் பற்றை ஊட்டியது ஒரு முள். 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்த ஒருநாள், பளிங்கனைய நட்சத்திரமீன் குடம்பிகளினுள் தோட்டத்து ரோசா முட்களைச் செருகிவைத்தார். இரவு முழுதும் உறக்கமில்லை. விடிந்ததும் நுணுக்குக்காட்டியில் நோக்க, அலையும் குழியங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன! உடலினுள் புகும் பகையை விழுங்கும் அக்குழியங்களையே நாம் இன்று தின்குழியங்கள் என்கிறோம்.

நோயை எதிர்ப்பது குழியமன்று, குருதிநீரே என்று ஜெர்மானிய அறிஞர் பலர் வாதிட்டனர். 1888 முதல் பாரிஸ் பஸ்தூர் நிறுவகத்தில் பணியாற்றிய மெச்னிகோவ் அப்போரை ஆண்டுக்கணக்கில் நடத்தினார். 1908இல் நோபல் பரிசு அவருக்கும், எதிரணியைச் சேர்ந்த போல் ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு சாராரும் பாதி உண்மையைப் பிடித்திருந்தனர் என்பதே பிற்கால முடிவு.

முதுமை அவரை அச்சுறுத்தியது போலும். பெருங்குடலில் அழுகல் உண்டாக்கும் கிருமிகளின் நஞ்சே மனிதனை மூப்பிக்கிறது என்றும், அந்நஞ்சால் நலிந்த இழையங்களைத் தின்குழியங்களே அரித்துவிடுகின்றன என்றும் கருதினார். பல்கேரிய உழவர் புளித்த பாலுண்டு நெடுநாள் வாழ்வதாகக் கேள்வியுற்றுத் தாமும் நாள்தோறும் அதனை அருந்தினார். ஐரோப்பா எங்கும் தயிர்ப்பித்துப் பரவியது. இங்கே அறிஞர் சற்று அவசரப்பட்டார் என்றே சொல்லவேண்டும். பல்கேரியத் தயிரின் கிருமி மனிதக் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை எனப் பின்னர் கண்டனர்.

எனினும் வித்து வீண்போகவில்லை. வைரசுத் தொற்றுக்குள்ளான குழியம் அயற்குழியங்களை எச்சரிக்கச் சுரக்கும் இன்டர்பெரோன் என்ற புரதம் 1957இல் கண்டறியப்பட்டது. புளித்த உணவில் வாழும் இலாக்டிக் அமில பற்றீரியாக்கள் சிலவற்றை நிர்ப்பீடனக் குழியங்கள் விழுங்கி, அவற்றின் மரபுப்பொருளை இனங்கண்டு, அப்புரதத்தைச் சுரப்பதை இந்நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டியுள்ளன. விழுங்கும் குழியமும் புளித்த பாலும் இவ்வாறு ஒரே ஆய்வில் சந்தித்தன. எல்லாப் பற்றீரியாக்களுக்கும் இவ்வாற்றல் இல்லை. மனிதரிடம் நடத்திய சோதனைகளிலும் சளி, தடிமன் ஓரளவு குறைந்ததாகவே தெரிகிறது. தயிர் மருந்தாகிவிடாது.

1916 யூலையில், தம் எழுபத்தோராம் வயதில், இதயநோயால் மெச்னிகோவ் காலமானார். இறந்தபின் தம் உடலை அறுத்து ஆராயும்போது குடலைக் கவனமாகப் பார்க்கும்படி மருத்துவ நண்பரிடம் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். அன்னாரின் சாம்பல் பஸ்தூர் நிறுவக நூலகத்தில் வைக்கப்பட்டது.