மீனின் வாயில் ஆற்றைப் படித்தவர்

மீன் என்றதும் நம்மில் சிலருக்குப் பாண்டியர் கொடி நினைவுக்கு வரும். விடுதிச் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போன பலருக்கு ஊர்க் குழம்புதான் நினைவுக்கு வரும். ஆனால், ஒரு மீனின் வாயையும் வயிற்றையும் பார்த்தே அது வாழும் ஆறு எப்படிப்பட்டது என்று சொல்லக்கூடிய பேரறிஞர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். விலங்கியல் பயிலும் நண்பர்களுக்கு அவர் பெயர் புதிதன்று. ஏனையோரும் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் அது. அவர்தாம் டாக்டர் சுந்தர்லால் ஹோரா.

இன்று பாகிஸ்தானில் உள்ள ஹாபிஸாபாத்தில் 1896ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் அவர் பிறந்தார். லாகூர் அரசினர் கல்லூரியில் விலங்கியல் பயின்றார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையை 1916இல் தோற்றுவித்த அன்னண்டேல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1919இல் லாகூருக்கு வந்தார். இந்த இளைஞரின் திறமையைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ஹோரா மணிப்பூர் மலைகளில் மீன் சேகரித்துக்கொண்டிருந்தார். சமவெளியில் பிறந்த அவரை மலையோடைகள் ஆட்கொண்டது அப்போதுதான்.

பாய்ந்து விழும் மலையோடையில் ஒரு மீன் எதைத் தின்னும்? மிதக்கும் நுண்ணுயிர்கள் அங்கே தங்குவதில்லை. பிறக்குமுன்னே வெள்ளம் அடித்துப் போய்விடும். உணவெல்லாம் கல்லின்மேல்தான் இருக்கிறது: வழவழவென்று படர்ந்த பாசியும், கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் பூச்சிப் புழுக்களும். அதனால் அங்குள்ள மீனின் வாய் தலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. உதடு சுரண்டுவதற்கு ஏற்றபடி தடித்திருக்கிறது. வயிறு பலகைபோல் தட்டை. சில மீன்களுக்கு மோவாயில் ஒட்டுறிஞ்சி போன்ற வட்டத் தட்டு உண்டு. வேறு சிலவற்றுக்கு அகல விரிந்த துடுப்புகளே அந்த வேலையைச் செய்கின்றன. நீச்சலுக்கு உதவும் காற்றுப் பையும் சுருங்கிவிட்டது. பாறையோடு ஒட்டிக் கிடப்பவனுக்கு மிதவை எதற்கு? இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அறுத்தும் வரைந்தும் 1922இல் ஹோரா கட்டுரை வெளியிட்டார். 1930இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் விரிவாக எழுதினார். நீரின் ஓட்டமே அந்த உடலை வடித்த உளி என்பதுதான் அவர் ஆராய்ச்சியின் சாரம்.

இந்த எண்ணம் நம் பழையவர்களுக்கும் இருந்தது என்று காட்டியவரும் அவரே. ஆற்று மீனுக்கும் குளத்து மீனுக்கும் உடலமைப்பில் வேறுபாடு உண்டு, அது அவை நீந்தும் முறையால் வந்தது என்று சுசுருத சம்ஹிதை கூறுவதை 1935இல் எடுத்து எழுதினார். பழம்பெருமை பேசுவோர் பலர். பழைய நூலின் வரியை உயிருள்ள மீனோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் சிலரே.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சில மீன் இனங்களின் உறவுகள் கிழக்கு இமயத்திலும் மலாய் நாட்டிலும் இருக்கின்றன, இடையே இல்லை. விந்திய சாத்பூரா மலைத்தொடர் வழியாக அவை வந்திருக்கலாம் என்று ஹோரா கூறினார். சாத்பூராக் கொள்கை என்று அதற்குப் பெயர். பிற்காலத்து மரபணு ஆராய்ச்சிகள் அதை முழுவதும் ஏற்கவில்லை. ஆயினும் கேள்வியை எழுப்பிய பெருமை அவருடையது.

போர்க்காலத்தில் ஹோரா வங்காள அரசின் மீன்வளத் துறைக்குத் தலைவரானார். 1943இன் கொடும் பஞ்சம் வந்த காலம் அது. ஓடை மீனின் உதட்டை அளந்தவர் மக்களின் உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவரானார். அதே ஆண்டுகளில்தான் அணைகளால் வலசை மீன்களுக்கு வரும் கேட்டைப் பற்றியும் எழுதினார். நம் காவிரியே அதற்குச் சான்று. கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வரும் உல்லத்திற்காகக் கொள்ளிடம் கீழணையில் மீன் ஏணி கட்டினார்கள். உல்லம் அதில் ஏறவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் வெள்ளம் குறைந்தது. உல்லத்தின் வரவும் குன்றியது.

வழி அடைபடுவதோடு தொல்லை முடியவில்லை. அணைக்குப் பின்னே நீர் நின்றுவிடுகிறது. வண்டல் படிந்து கல்லை மூடுகிறது. வெளிச்சம் எட்டாத அடியில் பாசி வளராது. கல்லைப் பற்றிய புழுவும் மாளும். சுரண்டித் தின்றவனுக்கு ஏணி கட்டி என்ன பயன்? இலையையே எடுத்துவிட்டார்களே! ஆனால் நின்ற நீரில் மிதக்கும் நுண்ணுயிர் பெருகுகிறது. மேல்நோக்கிய வாயும் சல்லடை போன்ற செவுளும் உடைய கட்லாவுக்கு அது விருந்து. வடக்கத்தி ஆறுகளின் மீனாகிய கட்லா மேட்டூரில் விடப்பட்டுச் செழித்தது அதனால்தான். முழுகிய செடிகொடிகள் அழுகி உரமாவதால் முதற் சில ஆண்டுகள் மீன் மிகுதியாகவும் கிடைக்கும். பின்னர் அது குறையும். அந்த முதல் விளைச்சலைக் கண்டு அணை மீனுக்கு நல்லது என்று கணக்குப் போடுவது அவசரக் கணக்கு.

1947இல் ஹோரா விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநரானார். அப்போது சேகரிப்பின் நிலை பரிதாபம்: போருக்கு அஞ்சிக் காசிக்குக் கொண்டுபோனவற்றில் பலவற்றை 1943இல் வருணை ஆற்று வெள்ளம் பாழாக்கியிருந்தது. எடுத்துக் கட்டும் வேலை அவர் தலையில் விழுந்தது.

தில்லிவாசிகளாகிய நமக்கு அவரோடு ஓர் உறவு உண்டு. பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகன் தூணில், குறிப்பிட்ட சில நாட்களில் மீன் பிடிக்கவோ விற்கவோ கூடாது என்ற ஆணை இருக்கிறது. அதை மீன்வளச் சட்டமாகவே கொண்டு 1950இல் ஹோரா ஆராய்ந்தார். கிரிக்கெட் பார்க்கப் பக்கத்து மைதானத்துக்குப் போகும் நண்பர்கள் ஒருநாள் அந்தத் தூணையும் எட்டிப் பார்க்கலாம்.

1955 டிசம்பர் 8ஆம் நாள் அவர் மறைந்தார். டி.வி.ஆர். பிள்ளையுடன் சேர்ந்து எழுதிய மீன் வளர்ப்புக் கைநூல் 1962இல்தான் வெளிவந்தது. முன்காலத்தில் உல்லம் கங்கை வழியே யமுனையில் ஏறி ஆக்ரா வரையிலும், எப்போதாவது தில்லி வரையிலுங்கூட வந்ததுண்டு. 1975இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அலகாபாத்திலேயே அது அரிதாகிவிட்டது. நம் வளாகத்துக்கு அருகே வசீராபாத்தில் யமுனையை மறித்திருக்கும் தடுப்பணை எழுந்தது, ஹோரா மறைந்த சில ஆண்டுகளுக்குள்.