புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளை

சென்ற விடுமுறையில் நாம் புதுக்கோட்டையினின்று திருச்சிராப்பள்ளிக்குப் புகைவண்டியிற் சென்றகாலை, கீரனூர் நிலையத்தில் ஓர் இளைஞன் ஏறி நமக்கெதிரே அமர்ந்தான். அவன் கையில் பழைய கேம் பாய் ஒன்று இருந்தது. 1989-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் விளையாட்டிற்கென வெளிவந்த சிறு பொறி அது. விளையாட்டுக் கேசட்டை அகற்றிவிட்டு, லிட்டில் சவுண்ட் டிஜே என்னும் இசை நிரல் அடங்கிய வேறொன்றைச் செருகி, அவன் தாளமும் பண்ணும் எழுப்பிக்கொண்டிருந்தான். அப்பொறிக்குள்ள குரல்கள் நான்கே. அவற்றுள் ஒன்று வெறும் இரைச்சல். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், பொம்மையிலும் சங்கீதம் உண்டோ என்று முகஞ்சுளித்தார். நமக்கோ, கைக்குள் அடங்கும் சிறு கருவியொன்றைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மாமூண்டியா பிள்ளையின் நினைவு வந்தது. அவர்தம் வரலாற்றை நம் மாணவருட் பலர் அறியாராதலின், ஈண்டுச் சிறிது எழுதத் துணிந்தோம்.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளங்கியவர் பிள்ளையவர்கள். மான்பூண்டியா பிள்ளை என்றும் அவர் பெயரை எழுதுவதுண்டு. இளமையில் அவர் உற்சவ ஊர்வலங்களில் விளக்கேந்தும் பணி செய்தவர் என்பர். விளக்கேந்துவோன் மேளத்திற்கு அருகில் நடப்பவனாதலின், கைக்கு விளக்கும் செவிக்குத் தவிலுமாக அவர் நாட்கள் கழிந்தன போலும். பின்னர் மாரியப்பத் தவிற்காரரை அடுத்து லயக் கணக்குகளைக் கற்றார். ஆயினும் தவிலை அவர் தம் கருவியாகக் கொள்ளவில்லை. பஜனைகளில் ஒலித்துவந்த சிறு தோற்கருவியினத்தைச் சேர்ந்த கஞ்சிராவை எடுத்து, அதனைக் கச்சேரிக்கு உரியதாக்கத் தொடங்கினார்.

அக்கருவியை அறியாதார்க்கு அதன் இயல்பைக் கூறுவோம். பலாமரத்தாற் செய்த வளையம். குறுக்களவு ஏழு அல்லது எட்டு அங்குலம். ஒருபுறம் மட்டும் தோல் போர்த்தியிருக்கும்; முற்காலத்தில் அஃது உடும்பின் தோல். வளையத்தில் ஒரு துளையிட்டு இரண்டு மூன்று காசுகளைக் கோத்திருப்பர். இடக்கையாற் பிடித்து வலக்கை ஒன்றினாலேயே வாசித்தல் வேண்டும். மிருதங்கத்திற்கு இரண்டு முகங்களும் இரண்டு கைகளும் உண்டு. சோறும் உண்டு, சுருதியும் உண்டு. கஞ்சிராவிற்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. உட்புறம் நீர் தெளித்துத் தோலைத் தளர்த்தினாலன்றி ஆழ்ந்த நாதம் பிறவாது. நீர் மிகுந்தால் ஒலி மழுங்கும். உலர்ந்தாலோ கீச்சென்று எழும். கச்சேரி நடக்கும்போதே தோல் உலர்ந்துகொண்டிருத்தலின், வாசிப்பவர் தாளத்தையும் தோலையும் ஒருங்கே கவனித்தல் வேண்டும். இடக்கை விரலாற் சட்டத்தருகே தோலை அழுத்தி நாதத்தை ஏற்றியும் இறக்கியும் காட்டும் வித்தையே இவ்வெளிய கருவியின் செல்வம்.

இத்தகைய கருவியை எடுத்துக்கொண்டு பிள்ளையவர்கள் தஞ்சைக்குச் சென்றார் என்று இசையுலகம் வழிவழியாகச் சொல்லிவருகிறது. அங்கே மிருதங்கத்திற் பெரும்புகழ் பெற்றிருந்தவர் நாராயணசாமி அப்பா. ஒரு கையால் தட்டும் சிறு கருவி அவர் முன் எம்மாத்திரம்! அவர் இகழ்ந்து ஒதுக்கியிருப்பின் கஞ்சிராவின் கதை அன்றே முடிந்திருக்கும். அவரோ பொறுமையுடன் கேட்டார். கேட்டபின் பிள்ளையின் கணக்கு வன்மையை மனமாரப் போற்றி, அவர் மேடையேறத் துணைநின்றார் என்ப. தம் கலையிற் போட்டியாக வரக்கூடிய ஒருவனை வாழ்த்துதல் எல்லார்க்கும் எளிதன்று. நம் கருத்தில் இவ்வரலாற்றின் பாதிப் புகழ் அப்பாவிற்கு உரியது.

நிற்க. நாதத்திற் குறைந்த கருவியைக் கணக்கினால் நிரப்பினார் பிள்ளை. கோவைகளைப் பின்னிப் பின்னிச் சென்று சமத்தில் வந்து விழுதல் அவர் வழியினரின் அடையாளமாயிற்று. அவ்வழியே புதுக்கோட்டைப் பாணி எனப்பட்டது. மாணாக்கருள் தலைசிறந்தவர் புதுக்கோட்டை தக்ஷிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). அவர் மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் வல்லவர். காஞ்சீபுரம் நாயனா பிள்ளையின் புகழ்பெற்ற புல் பெஞ்சுக் கச்சேரிகளில் அமர்ந்து வாசித்தவர். மற்றொரு மாணாக்கர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மைந்தர் சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கை வாசிப்பினர். அவரும் இரண்டு கருவிகளையும் கையாண்டார். பிற்காலத்தில் ஹரிசங்கர் (1958–2002) கஞ்சிராவின் எல்லையைப் பின்னும் விரித்தார்.

உடும்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்பெறும் உயிராதலின், இக்காலத்தார் ஆட்டுத் தோலையும் செயற்கைத் தோலையும் இட்டு வாசிக்கின்றனர். செயற்கைத் தோலுக்கு நீர் தெளிக்கும் தொல்லை இல்லை. ஆனால் பழைய நாதம் வரவில்லை என்று முதிய வித்துவான்கள் குறைகூறுவதுண்டு. ஓர் உயிரைக் கொன்று பெறும் நாதத்தினும் இது நன்றே என்பது நம் எண்ணம்.

புகைவண்டியிற் கண்ட இளைஞனிடம் இவ்வளவையும் நாம் சொன்னோமல்லோம். தகதிமி தகிட என ஏழெண்ணிக்கையை அப்பொறியில் அமைக்க இயலுமோ என்று மட்டும் கேட்டோம். அவன் சற்றே திகைத்துப் பின் விரைந்து விசைகளை அழுத்தினான். இரைச்சற் குரல் ஏழாக நடந்தது. முகஞ்சுளித்த பெரியவரின் விரல்கள் தொடைமேல் எண்ணத் தொடங்கின. மூன்றாம் ஆவர்த்தம் முடியுமுன் பொறியின் பாட்டரி தீர்ந்துபோயிற்று.