28 வருஷம் பெயரில்லாமல் கிடந்த குரல்

ஓ.வி. ரைட். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம், அவர் பிறந்த அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் பழைய சோல் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கிற ஒருத்தரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.

சோல் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிற பக்திப் பாட்டுக்கு காஸ்பெல் என்று பெயர். ஒருத்தர் முன்னால் நின்று உருகிப் பாடுவார், கூட்டம் பதில் பாடும், கை தட்டும், அவர் குரல் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு மேலே போவார். அதே பாடும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு, சாமி இருந்த இடத்தில் காதலியை வைத்தால் சோல். 1960களில் இந்த இசைக்குப் பெரிய சந்தை உருவானது. வடக்கே டெட்ராய்ட் நகரத்தில் மோடவுன் கம்பெனி போட்ட பாட்டுகள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி பளிச்சென்று இருக்கும். தெற்கே டென்னஸி, அலபாமா பக்கம் வந்த பாட்டுகளில் வியர்வை வாசனை அடிக்கும். அதைத்தான் சதர்ன் சோல் என்கிறார்கள். நம்ம ஆள் அந்தத் தெற்குக்காரர்.

தேவாலயத்திலிருந்து ஸ்டூடியோவுக்கு

முழுப் பெயர் ஓவர்டன் வெர்டிஸ் ரைட். 1939 அக்டோபர் 9-ம் தேதி டென்னஸி மாநிலத்தில், மெம்ஃபிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் லெனோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். சின்ன வயசிலிருந்தே தேவாலயப் பாட்டுதான். 1956-ல், பள்ளிக்கூடம் முடிக்கிறதுக்கு முன்னாலேயே, சன்செட் டிராவலர்ஸ் என்ற காஸ்பெல் குழுவில் முன்னணிப் பாடகர்களில் ஒருவராகிவிட்டார்.

அந்தக் குழு பீகாக் என்ற கம்பெனிக்காக இசைத்தட்டு போட்டது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிச்சு வெச்சுக்கோங்க, பின்னால் வேணும். பீகாக்கின் முதலாளி டான் ரோபி. டெக்சாஸின் ஹூஸ்டனில் நைட் கிளப் நடத்திக்கொண்டிருந்தவர், 1949-ல் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். மோடவுன் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, ஒரு கறுப்பின முதலாளி சொந்தமாக இசைத்தட்டு கம்பெனி நடத்தி ஜெயித்துக் காட்டியது பெரிய விஷயம்தான். அதே சமயம் கணக்கு வழக்கில் ரொம்பக் கறாரான ஆள் என்றும் பெயர் எடுத்தவர்.

பிறகு ரைட் ஹார்மனி எக்கோஸ் என்ற இன்னொரு குழுவில் பாடினார். அப்போதுதான் ரூஸ்வெல்ட் ஜேமிசன் அவரைக் கண்டுபிடித்தார். ஜேமிசனுக்குத் தொழில் மெம்ஃபிஸில் ஒரு ரத்த வங்கியில். பாட்டு எழுதுவதும் பாடகர்களை வளர்த்துவிடுவதும் அவருக்கு ஆசை. அவர் ஒரு காதல் பாட்டு எழுதி வைத்திருந்தார், 'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்'. 1964-ல் மெம்ஃபிஸின் கோல்ட்வாக்ஸ் என்ற சின்ன லேபிள் அதை ரைட்டைப் பாட வைத்து வெளியிட்டது. பக்திப் பாட்டை விட்டு அவர் பாடிய முதல் பாட்டு அது.

கேட்டுப் பாருங்க. அவசரமே இல்லாமல் ஆரம்பிக்கும். போகப் போக அந்தக் குரல் கெஞ்சும், அதட்டும், கடைசியில் சாட்சி சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

இரண்டு அடி

இப்படி ஒரு பாட்டைப் பாடினவர் அதோட எங்கேயோ போயிருக்கணும் இல்லையா? அடுத்தடுத்து இரண்டு அடி விழுந்தது.

முதல் அடி, அதே பாட்டை ஓடிஸ் ரெட்டிங் பாடினார். ஓடிஸ் அப்போது வேகமாக மேலே வந்துகொண்டிருந்த நட்சத்திரம், அவருக்குப் பின்னால் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனி இருந்தது. ரேடியோவில் எல்லோரும் கேட்டது அவருடைய பாட்டைத்தான். 1965-ல் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸும் பாடிவிட்டார்கள். முதலில் பாடினவர் யார் என்ற கேள்வியே பின்னால் போய்விட்டது.

இரண்டாவது அடி ஹூஸ்டனிலிருந்து வந்தது. காஸ்பெல் குழுவில் இருந்தபோது பீகாக்கோடு போட்ட ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது, ரைட் எனக்குத்தான் பாட வேண்டும் என்று டான் ரோபி வந்து நின்றார். ஒப்பந்தம் அவர் பக்கம் இருந்தது. கோல்ட்வாக்ஸ் ஒதுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ரைட்டின் பாட்டுகள் ரோபியின் பேக் பீட் என்ற லேபிளில்தான் வந்தன.

ரோபியின் பேனா

ஒரு பக்கம் பார்த்தால் அது அவருடைய நல்ல காலம். 1965-ல் 'யூ ஆர் கோனா மேக் மீ க்ரை', ஆர் அண்ட் பி பட்டியலில் 6-வது இடம். 1967-ல் 'எய்ட் மென், ஃபோர் விமன்', 4-வது இடம். இதில் கற்பனை ரொம்ப விசித்திரம். காதலிப்பது குற்றம் என்று ஒரு கனவு, கூண்டில் நிற்கிறான் காதலன், எட்டு ஆண்களும் நான்கு பெண்களும் கொண்ட ஜூரி தீர்ப்புச் சொல்கிறது. நாடகமாகிப் போயிருக்க வேண்டிய விஷயத்தை அவர் உண்மையிலேயே தண்டனை வாங்கினவர் போலப் பாடியிருப்பார்.

ஆர் அண்ட் பி பட்டியல் என்பது கறுப்பின ரசிகர்களின் சந்தையைக் கணக்கிடுவது. பாப் பட்டியல்தான் மொத்த நாட்டுக்கும். அந்தப் பாப் பட்டியலில் முதல் 40-க்குள் ரைட்டின் ஒரு பாட்டுகூட வந்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பேக் பீட் இசைத்தட்டுகளில் பாட்டு எழுதியவர் என்ற இடத்தில் டெட்ரிக் மலோன் என்ற பெயர் அடிக்கடி வரும். மேலே சொன்ன இரண்டு ஹிட் பாட்டுகளிலும் அதே பெயர்தான். யார் அந்த மலோன்? டான் ரோபியேதான். அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். கஷ்டத்தில் இருக்கிற பாட்டுக்காரர்களிடம் சின்னத் தொகைக்குப் பாட்டை வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்வார் என்று அந்தக் காலத்து இசைக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு பெயரில் என்ன இருக்கு என்று தோணுதா? அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் ரேடியோ ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பாளருக்கும்தான் ராயல்டி. பாடினவருக்கு ஒரு காசு கிடையாது. இன்றைக்கும் அங்கே சட்டம் அப்படித்தான். ஆக, ரைட்டின் குரல் ரேடியோவில் ஒலிக்கும்போதெல்லாம் மலோனுக்குப் பணம் போனது.

சரிவான தரை

பணக் கதை இப்படி. இசைக் கதை வேறு, அது சந்தோஷமான கதை. அவருடைய முக்கியமான பாட்டுகள் பலவற்றைத் தயாரித்தவர் வில்லி மிட்செல். இடம், மெம்ஃபிஸின் ராயல் ஸ்டூடியோ. அது முன்னால் ஒரு சினிமா தியேட்டர். சீட்டுகளை எடுத்துவிட்டார்கள், சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். தரையும் கூரையும் இணையாக இருந்தால் ஒலி இரண்டுக்கும் நடுவில் மாறி மாறி மோதி எதிரொலிக்கும். சரிவு அந்த மோதலைக் குலைத்துவிடும். அக்கூஸ்டிக்ஸ் படித்தவங்களுக்கு இது புதுசு இல்லை.

வாசித்தவர்கள் ஹாட்ஜஸ் சகோதரர்கள் மூன்று பேர். டீனி கிடார், லீராய் பேஸ், சார்ல்ஸ் ஆர்கன். டிரம்ஸில் ஹோவர்ட் கிரைம்ஸ். அளவாக, இடம் விட்டு வாசிப்பார்கள், அந்த இடத்தில் ரைட்டின் குரல் வந்து உட்காரும்.

1971-ல் வந்த 'எ நிக்கல் அண்ட் எ நெயில்' அந்தக் கூட்டணியின் உச்சம் என்பது என் கட்சி. எல்லாம் இழந்த ஒருத்தன், கையில் காசு இருப்பதாக மற்றவர்கள் நினைக்கட்டும் என்று பாக்கெட்டைக் குலுக்கிச் சத்தம் காட்டுகிறான். உள்ளே இருப்பது ஒரு ஐந்து சென்ட் காசும் ஒரு ஆணியும். மாசக் கடைசியில் ஹாஸ்டலில் இருந்தவங்களுக்கு இந்தப் பாட்டை விளக்கவே வேண்டாம்!

அதே ஸ்டூடியோ, அதே மிட்செல், அதே ஹாட்ஜஸ் சகோதரர்கள். அங்கேயிருந்து வந்த 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' 1972-ல் பாப் பட்டியலில் முதலிடம் பிடித்து உலகத்தையே சுற்றியது. பாடியவர் ஆல் கிரீன்.

சரிவு

1973-ல் ரோபி தன் கம்பெனிகளை ஏபிசி நிறுவனத்துக்கு விற்றார். 1975-ல் இறந்தும் போனார். ரைட்டுக்கு அதற்குள் வேறு விலங்கு மாட்டியிருந்தது. போதைப்பொருள். 1970களின் நடுவில் அந்தக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். இதற்கும் ரோபிதான் காரணம் என்று எழுதினால் கதை சுலபமாக முடியும், ஆனால் அது நியாயமாக இருக்காது. ரோபி செய்தது வேறு, ரைட் தனக்குத்தானே செய்துகொண்டது வேறு.

வெளியே வந்ததும் மிட்செல் அவரைக் கைவிடவில்லை. ஹை ரெக்கார்ட்ஸில் சேர்த்துக்கொண்டார். 1977-லிருந்து 1979-க்குள் ஆல்பங்கள் வரிசையாக வந்தன. குரல் முன்பைவிடக் கரகரத்துப் போயிருந்தது, அதுவே ஒரு அழகு. ஆனால் ஊர் முழுக்க டிஸ்கோ ஓடிக்கொண்டிருந்தது, விற்பனை இல்லை. சோல் இசையைக் கொண்டாடும் ஜப்பானுக்கு 1979-ல் போய்ப் பாடினார். அந்தக் கச்சேரிப் பதிவு இன்றைக்கும் கிடைக்கிறது.

போதை மட்டும் விடவில்லை. 1980 நவம்பர் 16-ம் தேதி அலபாமாவின் மோபீல் நகரத்தில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆம்புலன்ஸிலேயே உயிர் போனது. வயசு 41.

மெம்ஃபிஸில் புதைத்தார்கள். மேலே ஒரு கல்கூட இல்லை. 1996-ல் வூ-டாங் குழுவின் கோஸ்ட்ஃபேஸ் கில்லா, ரைட் பாடிய 'மதர்லெஸ் சைல்ட்' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதே பெயரில் ஒரு ராப் பாட்டு போட்டார். ஒரு புதுத் தலைமுறை, யாருடைய குரல் என்றே தெரியாமல் அதைக் கேட்டது. அப்போதும் அந்தக் கல்லறையில் பெயர் இல்லை. 2008-ல்தான் ரசிகர்கள் சேர்ந்து ஒரு கல் நட்டார்கள், இறந்து 28 வருஷம் கழித்து.

நாமும் கொஞ்ச நாளில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள்தான். வேலை ஆர்டர், பாண்டு, நாம் எழுதின கோடு யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் பக்கம். திறமை இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று யாராவது சொன்னால், ரைட்டை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். படித்துப் பார்த்துப் போடுங்க.

இன்றைக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'எய்ட் மென், ஃபோர் விமன்' கேளுங்கள். முடிந்ததும் பாட்டு எழுதியவர் யார் என்று தேடிப் பாருங்கள். டெட்ரிக் மலோன் என்று வந்தால், அது யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.