சத்தியாக்கிரகம்

1893ஆம் ஆண்டு வழக்கொன்றின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், அங்கே இந்தியர் படும் இழிவைக் கண்டார். 1906இல் டிரான்சுவால் அரசு, எட்டு வயது நிரம்பிய இந்தியர் யாவரும் குற்றவாளியரைப் போல் விரல்ரேகை பதித்துச் சீட்டுப் பெறவேண்டுமெனச் சட்டம் வகுக்க முற்பட்டது. அதற்குப் பணிவதில்லை என மக்கள் அடிகளுடன் சூளுரைத்தனர்.

அவ்வறப்போருக்கு முதலில் வழங்கிய ஆங்கிலப் பெயர், எளியோரின் செயலற்ற எதிர்ப்பு என்னும் பொருள் தந்தது. அஃது அடிகளுக்கு ஒவ்வவில்லை. தக்க சொல் தருவோர்க்கு ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் பரிசு அறிவித்தார். மகன்லால் காந்தி தந்த சதாக்கிரகம் என்னும் சொல்லைத் திருத்திச் சத்தியாக்கிரகம் ஆக்கினார். உண்மையை உறுதியாகப் பற்றி நிற்றல் என்பது அதன் பொருள்.

அச்சொல்லின் வழிநின்று 1913இல் சிறைபுகுந்த தமிழ்ச்சிறுமி வள்ளியம்மை, நோயுற்று வெளிவந்தாள். வருந்துகின்றாயோ என அடிகள் வினவ, மீண்டும் சிறைபுகவும் இசைந்தாள். 1914 பிப்ரவரி 22 அன்று அவள் உயிர் பிரிந்தது.